விலங்கியல் படித்த பெண் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் சேரலாமா?

கேள்வி: சங்கரன்கோவில் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளி முழுக்கத் தமிழ் வழி. ப்ளஸ் டூவில் தாவரவியல், விலங்கியல் குரூப், கணக்கு கிடையாது. மரபியல் பாடத்தில், உயிரியல் தரவைக் கணினியில் ஆராயும் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பற்றி ஒரே ஒரு யூனிட் வந்தது. அன்றிலிருந்து அதிலேயே எம்.எஸ்சி. செய்ய வேண்டும் என்று ஆசை. “அது கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு, உனக்கு வராது” என்கிறார் எங்கள் சார். “இனிமேல் அதையெல்லாம் ஏ.ஐ. பார்த்துக்கொள்ளும், பேசாமல் பி.எட். சேர்” என்கிறான் அண்ணன். அப்பா விசைத்தறியில் வேலை பார்க்கிறார். இரண்டு வருஷம் ஃபீஸ் கட்டிவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் உட்கார முடியாது. இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். நான் சேரலாமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

சேரலாம். ஆனால் அப்பாவின் பணம் வீணாகாமல் இருப்பது, எந்தத் துறையில் சேர்கிறீர்கள், சேர்வதற்கு முன் மிச்சமிருக்கும் மாதங்களில் என்ன செய்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் “உனக்கு வராது” என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். அதற்கு நேர் எதிரான அனுபவம் எனக்கு உண்டு.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு இந்தத் துறைக்குள் வந்தவள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், கல்லீரல் திசு மாதிரிகள் 24 எங்கள் மேசைக்கு வந்தன. பாதி நோயாளிகளுடையவை, பாதி நோயில்லாதவர்களுடையவை. ஒவ்வொரு மாதிரியிலும் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்த தரவு. கணக்குப் போட்டால் நோயாளிகள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் பிரிந்து நிற்க வேண்டும். 22 மாதிரிகள் அப்படித்தான் நின்றன. இரண்டு மட்டும் மாறி மாறி எதிர்க்கூட்டத்தில் போய் உட்கார்ந்தன. நாங்கள் மூன்று பேர், மூவருமே கணினிப் படிப்பு, மூன்று வாரம் புரோகிராமை மாற்றி மாற்றி எழுதினோம். வேறு முறையில் அளவைச் சமன் செய்து பார்த்தோம், வேறு மென்பொருளில் ஓட்டிப் பார்த்தோம். ஒன்றும் நகரவில்லை.

எங்களோடு எம்.எஸ்சி. விலங்கியல் முடித்த ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது புரோகிராம் சரியாக எழுத வராது. அவள் கேட்டது ஒரே கேள்வி: “இதில் ஆண் யார், பெண் யார்?” எக்ஸிஸ்ட் என்ற மரபணுவின் அளவையும், ஒய் குரோமோசோமில் இருக்கும் இரண்டு மூன்று மரபணுக்களின் அளவையும் எடுத்துத் தரச் சொன்னாள். பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கிப்போகும், அதைத்தான் பார் பாடி என்று நுண்ணோக்கியில் பார்க்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அடக்கும் வேலையைச் செய்வது எக்ஸிஸ்ட். ஆணின் திசுவில் அது ஓங்கி நிற்கக் கூடாது. எங்கள் தரவில் “ஆண்” என்று பெயர் எழுதிய ஒரு மாதிரியில் எக்ஸிஸ்ட் உச்சத்தில் இருந்தது. “பெண்” என்று எழுதிய ஒன்றில் ஒய் மரபணுக்கள் பேசிக்கொண்டிருந்தன. அதே இரண்டு மாதிரிகள். ஐஸ் பெட்டியில் பக்கத்துப் பக்கத்துக் குழாய்கள், லேபிள் ஒட்டும்போது இடம் மாறிவிட்டன. பதிவேட்டைப் புரட்டினால் அப்படித்தான் இருந்தது.

புரோகிராம் எழுதுவதை ஆறு மாதத்தில் அவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்துவிட்டோம். அவளுக்கு அந்தக் கேள்வி வந்த இடத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு வருஷக்கணக்கில் ஆனது. உங்கள் சார் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார். ஆனால் மூன்று வருஷம் நீங்கள் படித்த விலங்கியலை அவர் கையிருப்பில் சேர்க்காமல் விட்டுவிட்டார்.

இந்தப் படிப்பில் அப்படி என்னதான் செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒரு யூனிட்டில் அது தெரிந்திருக்காது. உ.வே.சா. ஊர் ஊராகப் போய் ஓலைச்சுவடி திரட்டியதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரே நூலின் பல பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தப் பிரதியில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அதில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது, இன்னொன்றில் எழுதியவர் ஒரே அடியை இரண்டு தரம் எழுதிவிட்டார் என்று ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்தார். எந்தப் பிரதிகள் ஒரே பிழையைப் பகிர்ந்துகொள்கின்றனவோ அவை ஒரே மூலச் சுவடியிலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிடும்போது நாங்களும் இதையேதான் செய்கிறோம்: மாறிய எழுத்து, விடுபட்ட எழுத்து, இரட்டித்த எழுத்து, பகிர்ந்துகொண்ட பிழையிலிருந்து வம்சாவளி. சுவடியில் சில ஆயிரம் பாட்டு என்றால் மனித மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதனால் கணினி. இரண்டு வரிசைகளைப் பொருத்திப் பார்க்க நீடில்மன், வுன்ஷ் என்ற இருவர் 1970-ல் தந்த வழிமுறை இன்றும் எம்.எஸ்சி. முதல் செமஸ்டர் பாடம். கையாலேயே கட்டம் போட்டுச் செய்யலாம். பரீட்சையில் அப்படித்தான் செய்யச் சொல்வார்கள்.

சரி, எதற்குத்தான் பயப்பட வேண்டும்? கோடிங்குக்கு அல்ல. பைத்தான் என்ற கணினி மொழியில் உங்களுக்கு முதலில் தேவைப்படுவது ஒரு ஃபைலைத் திறக்க, வரி வரியாகப் படிக்க, தேட, எண்ண, முடிவை இன்னொரு ஃபைலில் எழுத. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று நாலு மாதத்தில் கை பழகிவிடும். நான் பார்த்த மாணவர்களில் தடுக்கி விழுந்தவர்கள் பெரும்பாலும் விழுந்தது புள்ளியியலில்.

ஒரு மரபணு நோயாளிகளிடம் கூடியிருக்கிறதா என்று சோதிக்கிறோம். உண்மையில் மாற்றமே இல்லாமல், தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் தெரிய 100-க்கு 5-க்கும் குறைந்த வாய்ப்புதான் என்றால் ஏற்றுக்கொள்வோம் என்பது வழக்கம். மனிதனிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. அத்தனையையும் இதே அளவுகோலில் சோதித்தால், எந்த மரபணுவிலும் ஒரு மாற்றமும் இல்லாவிட்டாலும்கூட, சுமார் 1,000 மரபணுக்கள் “நான் மாறியிருக்கிறேன்” என்று கை தூக்கும். அந்த ஆயிரத்திலிருந்து தனக்குப் பிடித்த நாலு பெயரைப் பொறுக்கி, நோய்க்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஆய்வேடு எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இதைத் திருத்தும் முறையை 1995-ல் பெஞ்சமினி, ஹாக்பெர்க் இருவரும் கொடுத்தார்கள். மென்பொருளில் அது ஒரு பட்டன். ஏன் அந்தப் பட்டன் என்று தெரியாமல் அழுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். மருந்து, நோய், ஒரு குடும்பத்தின் ரிப்போர்ட் எல்லாம் அந்தப் பட்டியலின் பின்னால் போகிறது.

உங்களுக்கு ப்ளஸ் டூவில் கணக்கு இல்லை என்பது உண்மையான குறைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடைக்கக்கூடிய குறை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகத் தமிழிலேயே கிடைக்கின்றன. முழுப் புத்தகமும் வேண்டாம். பதினொன்றில் அணிகள், நிகழ்தகவு. பன்னிரண்டில் நிகழ்தகவுப் பரவல்கள். மடக்கையையும் தூசி தட்டிக்கொள்ளுங்கள். கணக்குகளைப் பேப்பரில் போட வேண்டும், படித்தால் மட்டும் போதாது. சில பல்கலைக்கழகங்கள் ப்ளஸ் டூ கணக்கு அல்லது இளநிலையில் ஒரு கணக்குத் தாள் கேட்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் தகுதி வரியைக் கவனமாகப் படியுங்கள்.

இனி அண்ணன் சொன்னது. அவர் சொல்வதில் பாதி சரி. புரோகிராம் எழுதும் வேலையில் பெரும்பகுதியை இப்போது ஏ.ஐ. எழுதித் தருகிறது, நானும் பயன்படுத்துகிறேன். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும், புதுப் புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கரும் 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த ஏ.ஐ. எதைப் படித்துக் கற்றது? 1971-ல் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியை. ஐம்பது வருஷம் பல நாட்டுக்காரர்கள் படிகம் வளர்த்து, எக்ஸ்ரே எடுத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தது. அந்த வடிவங்கள் சரியா என்று பார்க்கும் அடிப்படைச் சோதனைகளில் ஒன்று சென்னையில் பிறந்தது. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எங்கே அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் என்று கணக்கிட்டு வரைந்தது. ஏ.ஐ. கணித்துக் கொடுத்த வடிவத்தையும் இன்று அந்த ராமச்சந்திரன் வரைபடத்தில் போட்டுத்தான் பார்க்கிறோம்.

ஏ.ஐ. எங்கே நிற்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அரிவாள் செல் சோகை. இந்தியாவில் அந்த மரபணு முதன்முதலாக 1952-ல் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான் கண்டறியப்பட்டது. ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியான பீட்டா குளோபினின் மரபணுவில் ஜிஏஜி என்ற மூன்றெழுத்து ஜிடிஜி ஆகிவிடுகிறது. குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலைன். மாறிய சங்கிலியையும் மாறாத சங்கிலியையும் ஆல்ஃபாஃபோல்டிடம் கொடுத்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வடிவத்தைத்தான் காட்டும். அதைப் பிழை என்றும் சொல்ல முடியாது, தனி மூலக்கூறின் வடிவம் உண்மையிலேயே பெரிதாக மாறுவதில்லை. ஆக்ஸிஜனை விட்ட ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நாராகக் கோர்த்துக்கொள்கிறதே, அங்கேதான் கேடு. செல் அரிவாளாக வளைவது அதனால். இதைத் தெரிந்த ஒருத்திதான், “ஒரு மூலக்கூறின் படம் போதாது, பலது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்” என்று அடுத்த கேள்வி கேட்பாள். கேட்கத் தெரியாதவளிடம் ஏ.ஐ. “மாற்றம் இல்லை” என்று ஓர் அழகான படத்தைக் கொடுத்துவிட்டு நிற்கும்.

இப்போது எங்கே சேர்வது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் எம்.எஸ்சி. உண்டு, அங்கே சி.யு.இ.டி. (CUET) முதுநிலை நுழைவுத் தேர்வு வழியாகப் போக வேண்டும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் உதவியோடு நடக்கும் முதுநிலைப் படிப்புகளுக்கு ஜிஏடி-பி என்ற தேர்வு இருக்கிறது, அதில் வரும் மாணவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் கிடைக்கும். உங்கள் வீட்டு நிலைமைக்கு இதை விட்டுவிடாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்களை முதலில் வையுங்கள். மூன்று மாதத்தில் ஜெனோமிக்ஸ் நிபுணர் ஆக்குகிறோம் என்று பெரிய தொகை கேட்கும் சர்டிபிகேட் கோர்ஸ் எதுவும் வேண்டவே வேண்டாம்.

பெயர்ப் பலகையை வைத்து மட்டும் துறையை எடைபோடாதீர்கள். முடிந்தால் ஒரு நாள் பஸ் ஏறி நேரில் போங்கள். இரண்டாம் வருஷ மாணவிகளிடம் பேசுங்கள். பழைய புராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் அடுக்கியிருக்கும் அலமாரியைக் காட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். முதுகில் இருக்கும் தலைப்புகளை வரிசையாகப் படியுங்கள். ஒரு மூலிகை, ஒரு நோய்ப் புரதம், டாக்கிங் (ஒரு மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பது). இன்னொரு மூலிகை, இன்னொரு புரதம், மறுபடி டாக்கிங் என்றே அலமாரி முழுக்க இருந்தால் அங்கே ஒரே மென்பொருளை எல்லா வருஷமும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். டாக்கிங் கெட்டதில்லை. ஆனால் அது கொடுக்கும் மதிப்பெண்ணை ஆய்வகத்தில் சோதிக்காமல், குறைந்தபட்சம் வேலை செய்யாது என்று தெரிந்த மூலக்கூறுகளோடு ஒப்பிட்டுக்கூடப் பார்க்காமல், “இந்த மூலிகை புற்றுநோய்க்கு மருந்தாகலாம்” என்று முடிக்கும் ரிப்போர்ட் உங்களுக்கு வேலை வாங்கித் தராது. நேர்காணலில் நானே அப்படி வந்த பிள்ளைகளிடம் “எதனோடு ஒப்பிட்டாய்?” என்று கேட்டிருக்கிறேன். பதில் வராமல் அவர்கள் கண்கலங்கும்போது, யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதைச் சொல்லிக்கொடுக்கவில்லையே என்றுதான் இருக்கும். அலமாரியில் உண்மையான வரிசைத் தரவு, புள்ளியியல், மாணவர்களே எழுதிய புரோகிராம் இவையும் கலந்து இருந்தால் தைரியமாகச் சேருங்கள். துறையில் லினக்ஸ் சர்வர் இருக்கிறதா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்பதையும் கேளுங்கள்.

வேலை பற்றி உள்ளதைச் சொல்கிறேன். எம்.எஸ்சி. முடித்த கையோடு ஐ.டி. கம்பெனி மாதிரிச் சம்பளத்தோடு கூட்டிக்கொண்டு போக யாரும் வாசலில் நிற்க மாட்டார்கள். மரபணுப் பரிசோதனை நிறுவனங்கள், மருந்து ஆராய்ச்சிக்குச் சேவை செய்யும் கம்பெனிகள், ஆராய்ச்சி நிலையங்களில் புராஜெக்ட் வேலை, இவைதான் முதல் படிகள். பெரும்பாலும் பெங்களூரு, ஹைதராபாத், சென்னை. வீட்டை விட்டுப் போக வேண்டிவரும், இதை அப்பா அம்மாவிடம் இப்போதே பேசிவிடுங்கள். ஆராய்ச்சிப் பக்கம் போக மனசு இருந்தால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிர் அறிவியல் தாள் எழுதுங்கள். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். அந்தத் தாளில் விலங்கியல் படித்தவர்களுக்குக் கை கொடுக்கும் கேள்விகள் நிறைய.

பி.எட். யோசனையை அலட்சியமாகத் தள்ளாதீர்கள். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். எம்.எஸ்சி. பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் முடித்தால் அதை எம்.எஸ்சி. விலங்கியலுக்கு இணையாக வைத்து முதுநிலை ஆசிரியர் ஆகலாம் என்று எண்ணிக்கொண்டு சேராதீர்கள். அதற்கு இணைத்தன்மை அரசாணை வேண்டும். சேரப்போகும் பட்டத்துக்கு அது இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஆசிரியர் வேலைதான் முதல் ஆசை என்றால் எம்.எஸ்சி. விலங்கியலே நேர்வழி. அதைப் படித்துக்கொண்டே நான் கீழே சொல்வதைச் செய்தாலும் இந்தத் துறைக்குள் வரலாம், வந்தவர்கள் இருக்கிறார்கள். நான் முதலில் சொன்ன பெண்ணும் எம்.எஸ்சி. விலங்கியல் வழியாக வந்தவள்தான்.

லேப்டாப் பற்றிக் கவலை வேண்டாம், 4 ஜிபி போதும். கேலக்ஸி என்று ஓர் இலவசத் தளம் இருக்கிறது. பெரிய ஃபைலை அங்கே ஏற்றினால் அவர்களுடைய கணினியில் ஓடும், உங்கள் லேப்டாப் வெறும் ஜன்னல். பைத்தானுக்கு கூகுள் கோலாப். பயிற்சிக்கு ரோசலிண்ட் தளம், ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் பெயரில் வைத்தது. முதல் கணக்கே ஒரு டி.என்.ஏ. வரிசையில் நாலு எழுத்தும் எத்தனை எத்தனை தடவை வருகின்றன என்று எண்ணுவது. பாடமாகக் கேட்க, சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் மைக்கேல் குரோமிஹா என்.பி.டி.இ.எல். (NPTEL) என்ற இணைய வகுப்புத் தளம் வழியாக நடத்திய பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன. ஆங்கிலம்தான். ஒரு வகுப்பை மூன்று தரம் கேளுங்கள், நாலாவது வாரம் காது பழகிவிடும். மரபணுப் பெயர்களை எக்செலில் திறக்கும் பழக்கம் மட்டும் இப்போதே வேண்டாம். செப்ட்2, மார்ச்1 என்ற பெயர்களில் இருந்த மரபணுக்களை அது தேதி என்று நினைத்து மாற்றிவிட்டது. எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகள் இப்படிக் கெட்டுப்போய், கடைசியில் 2020-ல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

சி.யு.இ.டி. விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கிலேயே வந்துவிடும். ஆறாவது செமஸ்டர் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் வாய்ப்பு போய்விடும்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். என்.சி.பி.ஐ. என்ற இலவச மரபணுத் தரவுத் தளத்தில் மனித பீட்டா குளோபின் எம்.ஆர்.என்.ஏ. வரிசையை எடுங்கள். ஏடிஜி தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மூன்று மூன்று எழுத்தாக வெட்டி ஒரு பட்டியலாக்குங்கள். முதலில் பேப்பரில், பிறகு பைத்தானில். அரிவாள் செல் நோயில் மாறும் அந்த ஜிஏஜி, பட்டியலில் முதலாவதாக வரும் ஜிஏஜி. அது எத்தனையாவது இடம் என்று பைத்தானைக் கேட்டால் 6 என்று சொல்லும். உங்கள் பாடப் புத்தகத்திலும் 6 என்றுதான் இருக்கும். பொருந்திவிட்டது என்று மூடி வைத்துவிடாதீர்கள். பேப்பரில் விரல் விட்டு எண்ணினால் 7 வரும். இன்றைய மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டிலும் 7 என்றுதான் போடுவார்கள். பைத்தானின் 6-ம் புத்தகத்தின் 6-ம் வெவ்வேறு காரணங்களால் வந்தவை. ஒன்றுக்குக் காரணம் பைத்தான் எண்ணும் விதத்தில் இருக்கிறது, மற்றது உங்கள் உயிர்வேதியியல் நோட்டில், புரதம் உருவான பிறகு அதன் முதல் அமினோ அமிலத்துக்கு என்ன ஆகிறது என்ற பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் கண்டுபிடித்து, உங்கள் வார்த்தைகளில் அரைப் பக்கம் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா